அமானிதமும் ஆதார் நகலும்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3-ஆம் நாள் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் அறிமுகமாயிற்று. 7-ஆம் நாள் அங்கே குரல் வாக்கெடுப்பு; 9-ஆம் நாள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பு; 11-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். ஓர் அவையில் மணிப்பூருக்காக எழுந்த முழக்கங்களுக்கிடையே, மற்றோர் அவையில் எதிர்க்கட்சியினர் வெளியேறிய பின், நாட்டு மக்கள் அனைவரின் அந்தரங்கமும் எட்டே நாட்களில் பைசல் செய்யப்பட்டது. சந்தையில் காளை வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை முடிப்பதில்லை!

இதற்கு முன் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்களே என்பார்கள். ஆராய்ந்தது உண்மைதான். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, நீதியரசர் புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் அறிக்கை தந்தது. 2019-இல் ஒரு மசோதா வந்தது. பாராளுமன்றக் கூட்டுக்குழு அதனை ஈராண்டுகள் அலசி 2021-இல் அறிக்கை வைத்தது. 2022-இல் அரசு அந்த மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அலசப்பட்டது ஒன்று, சட்டமானது வேறொன்று என்பதே நமது குற்றச்சாட்டு.

இரண்டுக்கும் என்ன வேற்றுமை? ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழைய மசோதாவில் நோய், சாதி, சமய நம்பிக்கை, பணக் கணக்கு முதலியவை கூடுதல் காவலுக்குரிய விவரங்களெனத் தனியே பிரிக்கப்பட்டிருந்தன. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவினையே இல்லை. ஒருவர் எந்தச் செருப்பு வாங்கினார் என்பதும், எந்தப் பள்ளிவாசலில் தொழுகிறார் என்பதும் இச்சட்டத்தின் கண்ணுக்கு ஒரே தரத்தவை. சிறுபான்மையினர் வாழும் நாட்டில், பெயரைக் கேட்டே வாடகை வீடு மறுக்கப்படும் காலத்தில், இது சிறு குறையா?

இவையெல்லாம் டெல்லி விவகாரம், நமக்கென்ன என்று கேட்கும் அன்பர்களை எமது பழனிசெட்டிபட்டிக்கு அழைக்கிறோம். தேனி நகரை ஒட்டி, முல்லைப் பெரியாற்றங்கரையில் கிடக்கும் பேரூர் இது. இங்கே எந்த ஜெராக்ஸ் கடை வாசலிலும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். முதியோர் ஓய்வூதியத்துக்கு ஆதார் நகல், மகளிர் உரிமைத் தொகைக்கு ஆதார் நகல், குழுக் கடனுக்கு ஆதார் நகல். சரியாக விழாத நகல்கள் கடைக்காரரின் காலடியில் குவியும். அவ்வாறு ஒரு நகலில் வேர்க்கடலை மடித்துத் தரப்பட்டதையும் நாம் பார்த்திருக்கிறோம். படத்திலிருந்த மூதாட்டி எவ்வூராரோ, அறியோம்.

ஏலத் தோட்டங்களிலும் திராட்சைக் கொடிக்கால்களிலும் நாற்பது ஆண்டுகள் உழைத்த விரல்களில் ரேகை எங்கே மிஞ்சியிருக்கும்? ரேஷன் கடைக் கருவி அந்த விரலை ஏற்க மறுக்கிறது. அப்போது கிழவிக்குத் துணையாக எவனோ ஒருவன் வருகிறான். அவள் செல்பேசியை அவனே வைத்துக்கொள்கிறான். அதில் வரும் ரகசிய எண்ணையும் அவனே படிக்கிறான். மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் அவளை வந்தடைகிறதா, அவனோடு நின்றுவிடுகிறதா? அந்தக் கேள்விக்கு இச்சட்டத்தில் விடை தேடினோம், கிடைக்கவில்லை.

கிடைத்தது 9-ஆம் பிரிவு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோரும், சட்டப்படி காப்பாளர் உள்ள மாற்றுத்திறனாளிக்கு அக்காப்பாளரும் சம்மதம் தரவேண்டும் என்கிறது அது. குழந்தையும் வளர்ந்த மனிதரும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டனர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, காப்பாளரும் மாற்றுத்திறனாளியும் கலந்து, ஒருவரையொருவர் நம்பி, சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாண்மையை ஏற்றிருந்தது. ஏழே ஆண்டுகளில் பாராளுமன்றம் தன் சொல்லையே மறந்துவிட்டது.

இந்த வழக்கு நமது மத்ரஸாக்களுக்குப் புதிதன்று. ஹிதாயா ஓதிய எந்த மாணவரும் 'ஹஜ்ர்' பாடத்தை அறிவார். பருவமெய்திய, புத்தி தெளிந்த ஒருவன் தன் பொருளை வீணே அழித்தாலும் அவன் கையைக் கட்டலாகாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவனது மனிதத் தன்மையைப் பறிப்பது, பொருள் அழிவதைக் காட்டிலும் பெருந்தீங்கு என்பது அவர்கள் கண்ட நியாயம். அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) இதை ஏற்கவில்லை. அவன் நன்மைக்காகவே தடுக்கலாம் என்றனர். பிற்கால ஃபத்வா மாணவர்கள் பக்கமே சாய்ந்தது. யார் பக்கம் சரியென்று தீர்ப்பது இங்கே நம் வேலையன்று. ஆசிரியரை மாணவர் மறுக்கும் அளவுக்கு அவர்கள் இதைப் பெரிய கேள்வியாகக் கருதினார்கள். நமது மக்கள் பிரதிநிதிகளோ குரலெழுப்பி முடித்துவிட்டார்கள்.

மேலும் பாருங்கள். கடன் பத்திரம் எழுதுவது பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், பலவீனருக்கும் சொல்லி எழுத வைக்க இயலாதவருக்கும் பதிலாக வலீ சொல்லட்டும் என்கிறது. அதோடு நில்லாமல், நீதியோடு சொல்லவேண்டும் என்று நிபந்தனையும் விதிக்கிறது. அநாதைகளின் பொருளை ஒப்படைக்கும் நேரத்தில் சாட்சி வைக்கும்படி அந்நிஸா அத்தியாயம் பணிக்கிறது. காப்பாளனையே கண்காணிக்கும் ஏற்பாடு அது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தச் சாட்சி எங்கே? காப்பாளனே களவாடினால் யார் கேட்பது?

பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். அதன் முதல் அட்டவணையின் 18-ஆம் பத்தி இதற்கென்றே எழுதப்பட்டது. சிறுவர்களையும், கவனிப்பு தேவைப்பட்டுத் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெரியவர்களையும் புறக்கணிப்பிலிருந்தும் துன்பத்திலிருந்தும் காப்பதற்காக, சம்மதம் பெற முடியாதபோது, அல்லது பெற முயல்வதே அவர்களுக்கு ஆபத்தாகும்போது, அவர்களைப் பற்றிய விவரத்தை உரியவரிடம் சொல்லலாம் என்கிறது. 19-ஆம் பத்தி அவர்களுடைய பொருளாதார நலனையும் பேசுகிறது. வெள்ளைக்காரர் செய்ததெல்லாம் வேதவாக்கென்று நாம் சொல்லவில்லை. ஆனால், ரகசியத்தை எப்போது காக்கவேண்டும், எப்போது உடைக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். புறம் பேசுவதை ஹராமென்று விலக்கிய மார்க்கத்தில், அநீதியை முறையிடவும் பிறரை எச்சரிக்கவும் பேசலாம் என்று ஆறு இடங்களை இமாம் நவவி (ரஹ்) எண்ணிக் காட்டியதும் அதே கேள்விக்குத்தான். நமது சட்டத்தின் 7-ஆம் பிரிவு மருத்துவ அவசரத்தையும் பேரிடரையும் நினைத்திருக்கிறது. மகனே தாயின் ஓய்வூதியத்தை உறிஞ்சுவதைக் காணும் வங்கி எழுத்தர் என்ன செய்யவேண்டும் என்பதை நினைக்கவில்லை.

சட்டம் யாரைக் காக்கிறது என்பதையும் கேளுங்கள். அறிவிக்கப்படும் அரசு அமைப்புகளுக்கு 17-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. தரவைக் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதமாம். அதில் ஒரு காசும் நஷ்டப்பட்டவர் கைக்கு வராது. நட்டஈட்டுக்கு வழி வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவையும் நீக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆனால், அற்பப் புகார் கொடுத்ததாகக் கண்டால் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை தண்டம்! திருட்டுக் கொடுத்தவன் காவல் நிலைய வாசலில் யோசித்து நிற்க வேறென்ன வேண்டும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவையும் இதே கையோடு திருத்தினார்கள். தனிநபர் விவரம் என்ற ஒரே சொல்லால் இனி அதிகாரி கதவடைக்கலாம். 8(2) இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். அந்தக் கதவைத் தட்டி மேல்முறையீடு வரை செல்லக் கூலிக்காரனுக்கு எத்தனை நாள் கூலி போகும்? இத்திருத்தம் 2025 நவம்பரில் விதிகள் வெளியான கையோடு நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கோ 18 மாதத் தவணை. எது அவசரம், எது ஆறப்போடத்தக்கது என்று ஆட்சியாளர் கருதுவது இதிலேயே தெரிகிறது.

ஒன்று ஒப்புக்கொள்ளவேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் கேட்டுப் பெறலாம் என்பது நல்ல விதி. தமிழில் கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்பவர்தாம் வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுபவரும் வேண்டும்.

இனி ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வார்த்தை. ரமளான் வந்துவிட்டால் ஃபித்ரா அரிசியும் ஜகாத்துத் தொகையும் வாங்கும் விதவைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புவது எந்த கித்தாபில் இருக்கிறது? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கும் தர்மத்தைச் சிறப்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தில், வாங்கியவரின் முகம் வளைகுடா வரை போய்ச் சேருகிறது. கணக்குக் காட்டவேண்டாமா என்கிறார்கள். கணக்கைத் தொகையில் காட்டுங்கள்; முகத்தில் காட்டாதீர்கள். பெயர்ப் பதிவேட்டைப் பூட்டி வையுங்கள். நிக்காஹ் பதிவோடு வாங்கும் அடையாள நகல்கள் எத்தனை ஆண்டுகள் இருக்கும், எப்போது எரிக்கப்படும் என்று மஹல்லாக் கூட்டத்தில் தீர்மானியுங்கள். தனியே வாழும் முதியவர்களை மாதம் ஒருமுறை இருவர் சென்று கண்டு, ஓய்வூதியம் அவர் கைக்கே வருகிறதா என்று கேட்டு வரட்டும். ஒருவர் போதாது, சாட்சிக்கு இருவர் வேண்டும். இதற்குப் பாராளுமன்றம் கூடவேண்டியதில்லை, அடுத்த வெள்ளிக்கிழமையே தொடங்கலாம்.