எருமைக்காக ஒரு வக்காலத்து



போன வாரம் கணக்கு பீரியடில் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்ததற்காக எனக்கு "எருமை மாடே!" என்று பட்டம் கிடைத்தது. தப்பு என் மேல்தான். கோபமெல்லாம் இல்லை (நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும் சார்!). வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் உட்கார்ந்த பிறகு ஒரு யோசனை வந்தது. நாம சோம்பேறியைத் திட்டணும்னா எருமை. மழையில் நனைந்தபடி நின்றால் எருமை. எமனுக்கு வாகனம் கொடுக்கணுமா, அதுக்கும் எருமைதான்! பாவம், அது நமக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?

அதே சமயம் நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். அடுத்த மாதம் ஊட்டி டூர். "ஆளுக்கு ஒரு மரக்கன்று கொண்டு வரவும். காலியாக உள்ள மலைச்சரிவில் நட்டுப் பசுமை வளர்ப்போம்" என்று சுற்றுச்சூழல் மன்றம் எழுதியிருக்கிறது. நானும் அந்த மன்றத்தில் மெம்பர்தான். டூருக்குப் பேரும் கொடுத்துவிட்டேன். ஆனால் மரக்கன்று கொண்டு வரமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எருமைக்கும் மரக்கன்றுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

போன வருஷம் மே மாதம் கோயம்புத்தூர் மாமா எங்களை ஊட்டிக்குக் கூட்டிப் போனார். தாவரவியல் பூங்காவில் எல்லாரும் பூ பார்ப்பார்கள். அந்தப் பூங்காவுக்கு மேலே ஏறிப் போனால் தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. மந்து என்றால் அவர்கள் ஊர். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு வீடு. வாசல் எவ்வளவு சின்னது தெரியுமா, தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். (நாங்களும் எடுத்தோம். மறைக்க விரும்பவில்லை.)

அங்கே போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, உங்க எருமை எல்லாம் எங்கே?" என்று கேட்டேன்.

"மேய்க்கறதுக்கு எடம் எங்க கண்ணு இருக்கு? புல்லு இருந்த எடமெல்லாம் சீகை மரம் வந்துருச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சுற்றிலும் பச்சைப்பசேல் என்று மரமாக இருந்தது. இதில் என்ன குறை என்று நினைத்தேன். கீழே இறங்கும்போது மாமாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்த பிறகு லைப்ரரியில் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் கொஞ்சம் சொல்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2000 பேர். நம்ம ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அப்பா அம்மாவோடு வருகிற கூட்டம் இருக்குமே, அவ்வளவுதான் மொத்த இனமும். அவர்களுக்கென்று தனி மொழி, தனி சாமி, தனி எருமை. ஆமாம், எருமையும் தனி! தோடா எருமை என்பது நம்ம ஊர் எருமையிலிருந்து வேறுபட்ட தனி இனம். சாம்பலும் வெளிர் பழுப்புமான நிறம், பிறை மாதிரி அகலமாக விரிந்து மேலே வளைந்த கொம்பு. பாலில் 8 சதவீதம் போலக் கொழுப்பு இருக்கும் (பசும்பாலில் சுமார் 4தான்). புதுசா யாராவது கிட்டே போனால் முட்ட வரும். இதைப் போய் சோம்பேறி என்று சொல்லிப் பாருங்களேன்!

தோடர்களுடைய கோயில் எது தெரியுமா? பால் கறந்து, தயிர் கடைந்து, வெண்ணெய் எடுக்கும் கொட்டில்தான். பால்காரர்தான் பூசாரி. எருமைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் உண்டு. கோயிலுக்கென்று தனி மந்தை உண்டு. மந்தைக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதற்கே ஒரு சடங்கு. வருஷக் கடைசியில் முத்தநாடு மந்தில் எல்லா ஊர்த் தோடர்களும் கூடிக் கும்பிடும் விழாவில் எருமை நன்றாக இருக்கவேண்டும் என்பதும் வேண்டுதல். அவர்களுடைய கதைப்படி, ஓன் என்ற தெய்வம் குந்தா மலை உச்சியில் நின்று பூமிக்குள்ளிருந்து 1600 எருமைகளை வரவழைத்தாராம். கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷன் வெளியே வந்தானாம். அவன்தான் முதல் தோடன். அதாவது எருமை முதலில், மனுஷன் அப்புறம்! செத்த பிறகும் எருமை இல்லாமல் முடியாது. இறந்தவருக்கு மறு உலகத்தில் துணையாக இருக்கட்டும் என்று எருமையைப் பலி கொடுக்கிற வழக்கம் இருந்தது. ஆனால் சாதாரணமாக அவர்கள் எருமைக் கறி சாப்பிடுவதில்லை.

டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் தோடர்களைப் பற்றி எழுதிய புத்தகம் எழுநூறு பக்கத்துக்கு மேல். அதில் பால் கொட்டில் சமாச்சாரமே அத்தியாயம் அத்தியாயமாகப் போகிறது. வேறு எப்படி எழுத முடியும்?

எனக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குள்ளே பெண்கள் போகக்கூடாது, பால் கறப்பது கடைவது எல்லாம் ஆண்கள் வேலை என்பது அவர்கள் வழக்கம். நான் அங்கே பிறந்திருந்தால் கட்டாயம் சண்டை போட்டிருப்பேன். ஆனால் வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்களே, அது பெண்கள் கை. அந்தப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்போது புல்லுக்கு வருகிறேன்.

நீலகிரி உச்சியில் இயற்கையாகவே மரம் எல்லா இடத்திலும் கிடையாது. மலை மடிப்புகளில், ஓடை ஓரமாக மட்டும் சோலைக்காடு. மீதிச் சரிவு முழுக்கப் புல்வெளி. குளிர்காலத்தில் உறைபனி விழுவதால் சோலை மரக் கன்றுகள் திறந்த வெளியில் பிழைப்பது கஷ்டம். யாரோ மரத்தை வெட்டியதால் வந்த புல் இல்லை அது. அங்கே சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் பல்லாயிரம் வருஷமாகவே புல் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மழைத் தண்ணீரை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக ஓடைக்கு விடுவது அந்தப் புல்தான். நம் மாநில விலங்கு வரையாடு மேய்வதும் அதில்தான்.

1819-ல் ஜான் சல்லிவன் மேலே ஏறினார். அப்புறம் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த அதிகாரிகள் கண்ணுக்கு அந்தப் புல்வெளி வெறும் தரிசு. "காலியாகத்தானே இருக்கு" என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்த சீகையையும், நாம தைல மரம் என்றும் அவர்கள் கற்பூர மரம் என்றும் சொல்லும் யூகலிப்டஸையும் நட்டார்கள். வெள்ளைக்காரன் மட்டும் செய்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று இன்னும் நிறைய நட்டோம். தேயிலை ஒரு பக்கம், அணைக்கட்டு ஒரு பக்கம். பைக்காரா மின்நிலையம் 1932-லேயே வந்துவிட்டது. மேய்ச்சல் நிலம் தண்ணீருக்கு அடியிலும் போனது. சீகைக்கு இன்னொரு குணம், நாம நடாவிட்டாலும் தானே பரவும். அதற்கு அடியில் அந்தப் புல் வராது. மேற்குத் தொடர்ச்சி மலை உச்சிகளில் 1970களுக்குப் பிறகு மட்டும் ஏறக்குறைய கால்பங்குப் புல்வெளி இப்படிக் காணாமல் போனதாக ஆராய்ச்சியாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் செய்தவர்கள் தோடர்களுக்குக் கெடுதல் செய்யணும்னு நினைத்தார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரம் நல்லது, கரண்ட் நல்லது, தேயிலை ஏற்றுமதி நல்லது. எல்லாம் நல்லதுதான்! புல்லோடு வாழ்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான். புல் போனால் எருமை போகும். எருமை போனால் கோயிலில் கடைவதற்குப் பால் ஏது? அப்புறம் மிஞ்சுவது செல்ஃபி எடுக்க ஒரு குடிசை.

உலகத்தின் மறு கோடியிலும் இதே கதை நடந்திருக்கிறது. தூந்திரப் பகுதி பாடத்தில் பனிமான் மேய்க்கும் 'லாப்' மக்கள் என்று படித்திருப்போம். (கிறிஸ்துமஸ் தாத்தா வண்டியை இழுக்குமே, அந்த ரெயின்டீர்தான் பனிமான்.) அந்த மக்களுக்கு 'லாப்' என்று கூப்பிட்டால் பிடிக்காது. அது மற்றவர்கள் மட்டமாக வைத்த பேர். அவர்கள் தங்களைச் சாமி மக்கள் என்கிறார்கள். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என்று நாலு நாட்டில் இருக்கிறார்கள். நமக்கு எருமை திட்டு வார்த்தை, அங்கே மேய்க்கிறவர்களுடைய பேரே திட்டு வார்த்தை!

பனிமானின் கறி சாப்பாடு, தோல் உடை, கொம்பு கத்திப்பிடி. குட்டியின் காதில் வெட்டும் அடையாளத்தைப் பார்த்தே இது யார் வீட்டு மான் என்று சொல்லிவிடுவார்களாம். அவர்கள் நாட்டில் அணை கட்டப் போனபோது 1979-ல் நார்வே பார்லிமெண்ட் முன்னாலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை நிற்கவில்லை, கட்டிவிட்டார்கள். ஆனால் அந்தப் போராட்டத்தால்தான் 1989-ல் சாமி மக்களுக்கென்று ஒரு தனி மன்றம் கிடைத்தது. பிறகு ஃபோசன் என்ற இடத்தில் மான்கள் குளிர்காலத்தில் மேயும் நிலத்தில் 151 காற்றாலைகள் வைத்தார்கள். காற்றாலை புகை விடாது, பூமிக்கு நல்லது என்றுதான் நாம பாடத்தில் எழுதி மார்க் வாங்குகிறோம். ஆனால் 2021 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றம், அது மேய்ப்பவர்களின் பண்பாட்டு உரிமையைப் பறிக்கிறது, கொடுத்த லைசென்ஸ் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 2023-ல் ஆஸ்லோவில் சாமி இளைஞர்கள் மந்திரி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபோது கிரேட்டா துன்பர்க்கும் கூட உட்கார்ந்தார். சுற்றுச்சூழலுக்காகவே ஸ்கூலுக்கு மட்டம் போட்ட கிரேட்டா, காற்றாலைக்கு எதிராக! கடைசியில் மேய்ப்பவர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். காற்றாலைகள் இன்னும் நிற்கின்றன.

அவ்வளவு தூரம் ஏன்? மந்தைவெளி என்று தினமும் பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்தப் பேரைப் பிரித்துப் பாருங்கள். மந்தை, வெளி. மயிலாப்பூர் மாடுகள் மேய்ந்த இடம். எங்க தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது பால்காரர் எருமையை வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுப்பாராம். இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, பேர் மட்டும் இருக்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் தரிசு என்று நினைத்துத்தானே குப்பை கொட்டினோம், கட்டடம் கட்டினோம்? 2015 டிசம்பரில் வேளச்சேரியில் படகு போன பிறகுதான் அது ஏன் அங்கே இருந்தது என்று பலருக்குப் புரிந்தது. 2022-ல் அதற்கு ராம்சார் அந்தஸ்து கிடைத்திருக்கிறது, மிச்சம் இருக்கிற பகுதிக்கு.

"தோடர் பிள்ளைகளும் படிச்சு வேலைக்குப் போகட்டுமே, எருமையையே கட்டிக்கிட்டு அழணுமா?" என்று என் பக்கத்துப் பெஞ்சுத் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். படிக்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். போகக்கூடாது என்று நான் யார் சொல்ல? ஆனால் எருமை வேண்டாம் என்று அவர்களாக விடுவது வேறு, மேய இடமில்லாமல் விடவேண்டி வருவது வேறு. என் மாதிரி மயிலாப்பூரில் உட்கார்ந்திருக்கிறவள், சும்மா இருக்கிற சரிவு என்று நினைத்து அங்கே ஒரு கன்றை ஊன்றி, போட்டோ எடுத்து, இதே சுவரில் ஒட்டிவிட்டு மறந்துவிடுவது மூன்றாவது ரகம். அது எனக்கு வேண்டாம். இப்போது அங்கே வனத்துறையே சில இடங்களில் சீகையை வெட்டி எடுத்துப் பழையபடி புல்லைக் கொண்டு வரப் பார்க்கிறது. நாம போய்ப் புதுசா நட்டால் நல்லாவா இருக்கும்?

அதனால் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு என் வேண்டுகோள். டூர் போவோம். புல்வெளியைத் தூரத்திலிருந்து பார்ப்போம். மந்துக்குப் போனால் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுப்போம். கன்று வாங்க வசூலித்த பணத்தை மட்டும் இங்கேயே செலவழிப்போம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நான் ரெண்டாங்கிளாஸ். எங்க தெருவில் அன்று விழுந்த மூன்று மரத்தின் குழியும் இன்னும் அப்படியே இருக்கிறது, ஒன்றில் யாரோ பைக் நிறுத்துகிறார்கள். நம்ம கபாலீஸ்வரர் கோயில் தல விருட்சம் புன்னை. இந்த மண்ணுக்குப் பழகின மரம், கடற்காற்றையும் தாங்கும். மூன்று புன்னைக் கன்று போதும். தண்ணீர் ஊற்றுகிற முறையை நான் போட்டுத் தருகிறேன். வர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் பேர் எழுதவும். கணக்கு சாரும் வரலாம், குழிக்கு எத்தனை அடி ஆழம் என்று கணக்குப் போட ஆள் வேண்டும்.

(இடம் பத்தவில்லை, அதனால் கடைசியில் எழுத்து சின்னதாகிவிட்டது. மன்னிக்கவும்.)

— பதினோராம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு