எனக்குக் கேட்கலை... அவருக்குக் கேட்டுச்சே!

செமஸ்டர் லீவு எல்லாருக்கும் எப்படிப் போகுது? தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மறுபடியும் தூங்கியா? நல்லா இருங்க. நான் இந்த லீவுல ஒரு இன்டர்வியூவை அழகா சொதப்பிட்டு வந்திருக்கேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

எங்க வீடு ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுறாங்களே, அந்த பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். அதனால தெருவுல எந்நேரமும் தறிச் சத்தம்தான். எங்க வீட்டுலயும் ரெண்டு தறி ஓடுது. 'டடக் டடக் டடக்'... பொறந்ததுலருந்து இதுதான் எனக்குத் தாலாட்டு. சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும். 'கரன்ட் போயிருச்சு போல'ன்னு நினைச்சுக்குவேன்!

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு போன் இன்டர்வியூ வந்தது. இன்டர்ன்ஷிப்புக்கு. காலையில அப்பா கேட்டார், "அரை மணி நேரம் தறியை நிறுத்தட்டுமாடா?" தறி நின்னா கூலியும் நிக்கும். அதுவுமில்லாம நான் ஈ.சி.இ. மாணவன் ஆச்சே! புதுசா வாங்கின வயர்லெஸ் இயர்பட்ஸை ஆட்டிக் காட்டி, "வேணாம்ப்பா, இதுல நாய்ஸ் கேன்சலேஷன் இருக்கு"ன்னு கெத்தா சொன்னேன்.

காதுல மாட்டினேன். அடடா, தறிச் சத்தம் பாதி காணோம்! கால் வந்தது. சூப்பரா பதில் சொல்லிட்டு இருந்தேன் (அப்படித்தான் நினைச்சேன்). நாலாவது நிமிஷம் அந்த சார் கேட்டார்: "தம்பி, நீங்க ரயில்ல போயிட்டு இருக்கீங்களா? அப்புறமா பேசுவோமா?"

அந்த 'அப்புறம்' இன்னும் வரலை பாஸ்.

யார் காதுக்கு கேன்சலேஷன்?

எங்க அக்கா சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே கஸ்டமர் கால் எடுக்குறா. 2020-க்கு முன்னாடி இது லேசுல நடக்காது. வீட்டுல ஆளை உட்காரவெச்சு கால் எடுக்கணும்னா தொலைத்தொடர்புத் துறைக்கு டெபாசிட், அனுமதின்னு கம்பெனிங்களுக்கு ஏகப்பட்ட நிபந்தனை. கொரோனா வந்ததும் தளர்த்தினாங்க. 2020 நவம்பர்ல விதிகளையே மாத்திட்டாங்க. அதனாலதான் அக்கா இன்னிக்கு மேடவாக்கம் ஹாஸ்டல்ல இல்லாம, அம்மா சமையலைக் குறை சொல்லிக்கிட்டு வீட்டுல இருக்கா.

என் சோகக் கதையைக் கேட்டுட்டு அவ தலையில ஒரு குட்டு வெச்சா. "டேய் இன்ஜினீயர், டப்பாவுல போட்டிருக்கிற கேன்சலேஷன் உன் காதுக்குடா. அவர் காதுக்கு இல்ல!"

மேட்டர் இதுதான். இயர்பட்ஸ்ல வெளியில ஒரு குட்டி மைக் இருக்கும். அது வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதுக்கு நேர் எதிரான அலையை உங்க காதுக்குள்ள விடும். ரெண்டும் மோதி அடங்கிரும். கேட்குறது நீங்க மட்டும்தான். நீங்க பேசுற மைக் வழியா தறிச் சத்தம் பாட்டுக்கு எதிர்முனைக்குப் போயிட்டே இருக்கும். பேசுற மைக்குல சத்தத்தைப் பிரிச்சு எடுக்குறது தனி வேலை. அதையும் செய்யுற மாடல்கள் இருக்கு. ஆனா டப்பாவுல பெரிய எழுத்துல இருக்கிறது எதுன்னு பார்த்து வாங்கணும்.

இன்னொண்ணு, தூரம். இயர்பட்ஸ் மைக் வாயிலிருந்து சுமார் 12 செ.மீ. தள்ளி, காதுல உட்கார்ந்திருக்கு. அக்காவோட ஹெட்செட்ல ஒரு குச்சி மைக் வாய் ஓரமா 3 செ.மீ.ல நிக்குது. தூரம் பாதியானா குரல் 6 டெசிபல் ஏறும். கால்வாசியானா 12. தறி எங்கேயோ தள்ளி ஓடுறதால அதோட சத்தம் ரெண்டு மைக்குக்கும் ஒரே அளவுதான். ஆக, எந்த சிப்பும் இல்லாம, வெறும் குச்சியை நீட்டினதுலயே 12 டெசிபல் லாபம்! ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ். பரீட்சைக்கு எழுதினேன். வாழ்க்கைக்கு மறந்துட்டேன்.

பாட்டு தேன்... பேச்சு கிணறு!

உங்களுக்கும் இது நடந்திருக்கும். இயர்பட்ஸ்ல பாட்டு தேனா ஓடும். கால் எடுத்ததும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிரும். ரிப்பேர் இல்லீங்க. ப்ளூடூத்ல பாட்டுக்கு ஒரு ரோடு, பேச்சுக்கு இன்னொரு ரோடு. பாட்டு ரோடு ஒன்-வே. பேச்சு போகவும் வரணும், வரவும் வரணும். மைக் ஆன் ஆனதும் குறுகலான டூ-வே ரோட்டுக்கு மாறிரும். பழைய முறையில நொடிக்கு 8,000 மாதிரிதான் எடுக்கும். பாட்டு சி.டி.யில 44,100! புதுசுகள்ல பேச்சுக்கு 16,000 வரைக்கும் சாதாரணமா வருது. வாங்குறப்ப விசாரிங்க.

ப்ளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல. வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாத்துக்கும் அதே சந்துதான். இடிச்சுக்காம இருக்க நொடிக்கு 1,600 தடவை சேனல் தாவுது. அப்படியும் குரல் விட்டு விட்டு வந்தா, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாத்திப் பாருங்க.

பெரிய ஆபீஸ்கள்ல டெக்ட்ங்கிற வேற வகை ஹெட்செட்டும் உண்டு. ப்ளூடூத் பத்து மீட்டர்ல திணறுற இடத்துல அது மாடி இறங்கிப் போனாலும் பேசும். இதுல நம்ம ஊர் பெருமை ஒண்ணு இருக்கு. அதே டெக்ட்டை வெச்சுதான் சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, மைடாஸ் கம்பெனியோட சேர்ந்து 1990-கள்ல 'கார்டெக்ட்' செஞ்சாங்க. கம்பி இழுக்காமலே பத்து கிலோமீட்டருக்கு போனும் இன்டர்நெட்டும்! 2001-ல மதுரைப் பக்கம் மேலூர் கிராமங்கள்ல நெட் சென்டர்கள் இதுலதான் ஓடுச்சு. அப்ப நான் பொறக்கவே இல்ல.

அக்கா கொடுத்த நாலு டிப்ஸ் (கட்டணம்: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கால் கிலோ)

* இன்டர்வியூவுக்கு முதல் நாள், அதே இடத்துல, அதே சத்தத்துல ஃப்ரெண்டுக்குப் போன் போடுங்க. 'கேட்குதா?'ன்னு கேட்காதீங்க. 'பின்னாடி என்ன கேட்குது?'ன்னு கேளுங்க.

* குச்சி மைக்கை வாய்க்கு நேரா வைக்காதீங்க. ஓரமா, ரெண்டு விரல் தள்ளி. நேரா வெச்சா மூச்சு 'புஸ் புஸ்'னு அடிக்கும்.

* அமைதியான ரூம் கிடைச்சா, லேப்டாப் மைக்குல பேசி ஹெட்செட்ல கேளுங்க. கிணறு மறைஞ்சிரும். தறி வீட்டுல இது வேலைக்கு ஆகாது.

* வால்யூமை ஏத்தி சத்தத்தை ஜெயிக்க நினைக்காதீங்க. வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபல்தான் பாதுகாப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இந்த நாலாவது டிப்ஸ்லதான் நான் மாட்டிக்கிட்டேன். 80-ன்னா எவ்வளவுன்னு பார்க்க போன்ல ஒரு ஆப் போட்டு தறிகிட்ட வெச்சேன். 90-ஐத் தாண்டி நின்னுச்சு. போன் ஆப் துல்லியம் இல்லைதான். ஆனா நம்ம நாட்டுத் தொழிற்சாலை விதியே எட்டு மணி நேரத்துக்கு 90-தான் எல்லைங்குது. அப்பா அதுக்குப் பக்கத்துல நிக்கிறது எட்டு மணி நேரம் மட்டும் இல்லை.

போன வாரம் வேற கம்பெனியில இருந்து கால். இந்தத் தடவை அக்காவோட ஹெட்செட். முதல் நாளே டெஸ்ட் பண்ணியாச்சு. தறியை நிறுத்தலை. இருபது நிமிஷம் பேசினேன். ரயிலைப் பத்தி யாரும் கேட்கலை! முடிச்சிட்டு வெளியே வந்தா அப்பா வாசல்ல நிக்கிறார்.

"அவங்களுக்குச் சத்தம் கேட்டுச்சாடா?"

"கேட்கலைப்பா."

அவருக்கு அது காதுல விழலை. கிட்ட போய் சத்தமா இன்னொரு தடவை சொன்னேன். "நல்லதாப் போச்சு. எனக்கும்தான் இப்பல்லாம் கேட்குறதில்லை"ன்னு சிரிச்சார். என்னால சிரிக்க முடியலை.

என் இயர்பட்ஸை அவருக்கே கொடுத்துரலாமான்னு நினைச்சேன். அது சரிப்படாது. ஃபேன் மாதிரி ஒரே சீரா ஓடுற சத்தத்தைத்தான் அது நல்லா அடக்கும். தறியோட 'டடக்'குக்கு அது பாதுகாப்புக் கருவி இல்லை. அதுக்குன்னே காது மஃப் இருக்கு, சில ரூபாய்க்கு நுரை அடைப்பான் இருக்கு. வாங்கிட்டு வந்து கொடுத்தேன். "தறி சத்தம் மாறுறதை வெச்சுதான்டா நூல் அறுந்ததே தெரியும். இதைப் போட்டா எப்படி?"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். 'முழுசா அடைக்காதுப்பா, குறைக்கும் அவ்வளவுதான்'னு தினமும் ஒரு தடவை சொல்லிட்டு வர்றேன். நேத்து ஒரு காதுல மட்டும் போட்டிருந்தார்!

உங்க வீட்டுலயும் தறி, மில்லு, பட்டறைன்னு வேலை பார்க்குற அப்பாவோ மாமாவோ இருந்தா, டி.வி. வால்யூம் எத்தனையில வைக்கிறாங்கன்னு இன்னிக்குக் கொஞ்சம் கவனிங்க. கூடிக்கிட்டே போனா, காது டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. நாங்க வர்ற திங்கக்கிழமை போறோம்.

இன்டர்வியூ ரிசல்ட்டா? வந்ததும் சொல்றேன். அடுத்த வாரம் பார்ப்போம். வர்ட்டா!