கற்பிட்டிக் கோட்டையும் மஞ்சள் மூட்டையும்

"இந்தியச் சாமானை உள்ளே விடாதே, நம்ம விவசாயி தலையெடுப்பான்." கொழும்பில் அமைச்சர் சொன்னாலும் கற்பிட்டிச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் சொன்னாலும், இந்த வசனத்துக்கு மறுபேச்சு எழுவதில்லை. கட்சி, மதம், மொழி என்று எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிற நாடு இதில் மட்டும் ஒற்றுமையாக நிற்கிறது. மஞ்சளுக்குப் போட்ட தடையை எடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டால், அவர் யாருடைய ஆள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நான் யாருடைய ஆளும் இல்லை. அந்த வசனம் தவறு என்று தெரிந்துகொள்ள இந்தக் கரையில் குடியிருந்தாலே போதும்.

2019 கடைசியில் ஆட்சிக்கு வந்த கையோடு கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. நாட்டுக்கு வேண்டிய மஞ்சளில் பெரும்பகுதி அதுவரை இந்தியாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சில மாதத்தில் கொரோனாவும் வந்து சேர, வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க எல்லோரும் மஞ்சள் தேடினார்கள். சில நூறு ரூபாய்க்கு வாங்கிய கிலோ சில ஆயிரங்களுக்குப் போனது. 2020 ஏப்ரலில் கிலோவுக்கு 750 ரூபாய் என்று கட்டுப்பாட்டு விலை போட்டார்கள். விலை வர்த்தமானியில் இருந்தது. கடையில் மஞ்சள் இல்லை. கிடைத்த தூளிலும் அரிசி மாவு, கோதுமை மாவு. மீனாணம் வெளிறிப்போய் அடுப்பை விட்டு இறங்கியது. குருநாகலிலும் கம்பஹாவிலும் மஞ்சள் போட்டவர் பணக்காரர் ஆகட்டும் என்று புத்தளத்துக் கூலிக்காரர் வீட்டுச் சட்டி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கணக்கு.

சரி, அவராவது பணக்காரர் ஆனாரா? மஞ்சள் ஒரு போகத்துக்கு எட்டு ஒன்பது மாதம் மண்ணில் கிடக்கிற பயிர். ஒரு ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான கிலோ விதைக் கிழங்கு வேண்டும். விலை உச்சியில் இருந்தபோது சிறு விவசாயியின் கையில் விற்க மஞ்சள் இல்லை, விதைக் கிழங்கைத்தான் வாங்க வேண்டியிருந்தது, அதுவும் யானை விலையில். ஆசைப்பட்டு எல்லோரும் நட்டால், கிண்டி எடுக்கிற நேரம் எல்லோர் மஞ்சளும் ஒன்றாகச் சந்தைக்கு வரும். தடை வந்த அன்று களஞ்சியத்தில் மூட்டை வைத்திருந்தவருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. தடையால் முதலில் தலையெடுத்தது அவர்தான்; அவர் மண்வெட்டி பிடித்தவரல்ல.

அடுத்துத் தலையெடுத்தது கடல். தமிழ்நாட்டுக் கரையில் உலர்ந்த மஞ்சளைச் சாக்கில் கட்டி, தண்ணீர் புகாதபடி பொலித்தீன் சுற்றி, இருட்டில் ஏற்றுவார்கள். நடுக்கடலில் வள்ளம் மாறும். கடற்படைப் படகின் சத்தம் கேட்டால் மூட்டைகள் தண்ணீரில் விழும். மிதந்த மூட்டைகளைக் கடற்படை பிறகு பொறுக்கி, வரிசையாக அடுக்கி, படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுக்கும். பிடிபடுகிறவர் யார்? டிங்கிக்குக் கடன் கட்டுகிற, மீன் படாத மாதத்தில் ஒரு ஓட்டத்துக்குச் சம்மதித்த பொடியன். காசு போட்ட முதலாளியின் முகம் அந்தப் படத்தில் இருக்காது.

இந்த வழி மஞ்சளுக்காக வெட்டிய வழியும் அல்ல. பீடி இலைக்குத் தீர்வை ஏறிய காலத்திலிருந்தே பீடி இலை மூட்டை இப்படித்தான் வருகிறது. கேரளக் கஞ்சா வருவதும் இதே கடலால்தான். கறிக்குப் போடுகிற சாமானைக் கஞ்சாவோடு ஒரே வள்ளத்தில் ஏற்றிவைத்த பெருமை நம்முடைய தடைக்கு உரியது. திரும்பிப் போகிற வள்ளமும் சும்மா போவதில்லை. இந்தியா தங்கத்துக்கு இறக்குமதி வரியை 2013இல் 10 சதவீதமாக்கி, 2022இல் 15க்கு ஏற்றியது. இங்கிருந்து தங்கம் அந்தப் பக்கம் போனது. 2024 ஜூலையில் வரியை 6 சதவீதமாகக் குறைத்தது டெல்லிதான். கடத்தலின் லாபத்தைக் குறைப்பதும் அதற்கு ஒரு காரணம். அவர்களுக்கு விளங்கியது நமக்கு விளங்காமல் இருக்க நியாயம் இல்லை.

இந்தக் கரைக்கு இதெல்லாம் புதிதுமல்ல. கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்தவர்கள் பீரங்கியையும் மதிலையும் பற்றிப் பேசுவார்கள். 1667இல் தொடங்கி 1676இல் முடித்த அந்தக் கோட்டை எதற்கு என்று கேட்பவர் குறைவு. கண்டி ராஜாவுக்குப் புத்தளம் வழியாகப் பாக்குப் போய், தென்னிந்தியத் துணி வந்துகொண்டிருந்தது. அந்த ராஜா இரண்டாம் இராஜசிங்கனை வழிக்குக் கொண்டுவர அந்த வியாபாரத்தின் கழுத்தை நெரிக்கக் களப்பு வாயிலில் கட்டினார்கள். ஒல்லாந்தக் கம்பனிக்கு மட்டுமே பாக்கு விற்கலாம், அதுவும் கம்பனி சொன்ன விலைக்கு. அப்போதும் பாக்கு களவாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. இன்று அந்தக் கோட்டை இருப்பது கடற்படையின் கையில். பாக்குக்குக் காவல் நின்ற மதில் மஞ்சளுக்குக் காவல் நிற்கிறது. வித்தியாசம் ஒன்றுதான்: ஒல்லாந்தர் விவசாயி நன்மைக்கு என்று சொல்லவில்லை, தங்கள் லாபத்துக்கு என்று ஒளிக்காமல் செய்தார்கள்.

எழுபதுகளைக் காட்டி எனக்குப் பதில் சொல்வார்கள். சிறிமாவோ அம்மையார் காலத்தில் மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வராததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கல்வீடு கட்டியது உண்மை, மறுக்கவில்லை. அதே காலத்தில் ஊருக்கு ஊர் மறித்து அரிசிப் பையைச் சோதித்ததும், பாணுக்கு வரிசையில் நின்றதும் உண்மை. 1977 தேர்தலில் அம்மையாரின் கட்சிக்கு மிஞ்சியது 8 ஆசனம். தோட்டக்காரரின் நினைவில் ஒரு பாதியும் வரிசையில் நின்றவரின் நினைவில் மறுபாதியும் இருக்கிறது. நம் மேடைகள் முதல் பாதியை மட்டும் ஒப்பிக்கின்றன.

கற்பிட்டி மணலில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் சின்ன வெங்காயம் போடுகிறவர்களின் பயம் வேறு. அவர்களின் அறுவடை நேரத்தில் கப்பல் வெங்காயம் கொட்டினால் முதலும் மிஞ்சாது. அதற்கு வழி அந்த மாதங்களில் ஏறி, பிறகு இறங்குகிற தீர்வை. அதை முன்கூட்டியே அறிவித்து, சொன்ன திகதியில் நடத்த வேண்டும். தீர்வையோடு வந்தால் திறைசேரிக்குப் பணம், வாங்குகிறவருக்குத் தரப் பரிசோதனை. மஞ்சளுக்கும் இதுவே போதும். கதவை அடைப்பது விவசாயக் கொள்கை அல்ல, சோம்பேறித்தனம்.

2023 டிசம்பரில் இந்தியா தன் பெரிய வெங்காயத்தை வெளியே விடாமல் நிறுத்தியபோது நாம் போட்ட கூச்சல் நினைவிருக்கும். அண்டை வீட்டுக்காரன் இப்படிச் செய்யலாமா என்றோம். 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 தொன் விட்டார்கள், நன்றி சொன்னோம். அவன் கதவை அடைத்தால் கொடுமை, நாம் அடைத்தால் தேசப்பற்றா? 1987க்குப் பின் இந்தியச் சாமான் விற்காதே என்று கட்டளை போட்டு, பம்பாய் வெங்காயம் விற்ற கடைக்காரரை உயிருக்குப் பயந்து நடுங்க வைத்தது ஜே.வி.பி. அந்தக் கட்சித் தலைவர் ஜனாதிபதியாகி முதல் வெளிநாட்டுப் பயணமாக 2024 டிசம்பரில் போன இடம் டெல்லி. அவர்களே மாறிவிட்டார்கள், தேத்தண்ணிக் கடைதான் மாறவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம் வரும்: இந்திய ரோலர் மீன்பிடிப் படகுகளுக்கும் வக்காலத்தா? இல்லை. கடலடியை வாரிக்கொண்டு போகிற இழுவைமடியை இந்த நாடு 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது சரி, அதை இன்னும் கடுமையாக நடத்தவும் வேண்டும். ஆனால் ரோலர் மேல் உள்ள கோபத்தை ஈரோட்டு மஞ்சள் மேல் தீர்ப்பது எந்த ஊர் நியாயம்? மஞ்சளைத் துறைமுகத்தால் வரவிடுங்கள். அந்த மூட்டைகளுக்குப் பின்னால் ஓடுகிற படகும் எண்ணெயும் ஆட்களும் ரோலரைப் பிடிக்கப் போகட்டும்.