டிக் அடிக்கச் சொல்லும் சாதி

2011 ஜூன் மாதம். எம்.ஏ. தமிழ் படிக்க ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதி அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறேன். கையில் ஒரு படிவம். பெயர், ஊர், தகப்பன் தொழில், சாதிச் சான்றிதழ் எண். எல்லாம் எழுதி முடித்தால் கடைசியில் இரண்டு கட்டங்கள்: சைவம், அசைவம். சைவத்துக்கு மாதம் 1,100 ரூபாய், அசைவத்துக்கு 1,350. எனக்கு முன்னால் நின்றவள் யோசிக்கவே இல்லை, பட்டென்று அடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் யோசித்தேன். மாட்டுக்கறி தின்று வளர்ந்த உடம்பு இது. சைவத்துக்கு டிக் அடித்தேன்.

250 ரூபாய் மிச்சம் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய் இல்லை. உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது. மெஸ் பில் மட்டும் தேதி தவறாமல் வரும். பாக்கி வைத்தவர்கள் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும். அந்தப் பட்டியலை வாசித்தால் போதும், வகுப்பில் யார் யார் காலனிப் பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். ஆனால் முழு உண்மை அந்த 250 ரூபாயில் இல்லை. சைவ மெஸ்ஸில் உட்கார்ந்தால் 'நீங்க என்ன ஆளுங்க' என்று எவளும் கேட்கமாட்டாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். சாம்பாரை ஊற்றிச் சாதியை மூடிவிடலாம் என்று நம்பினேன்.

அந்த மூடி தீபாவளி வரைக்கும்தான் நின்றது. லீவு முடிந்து கிளம்பும்போது ஆயா ஒரு டப்பா நிறையக் கண்டம் வறுத்துக் கொடுத்துச்சு. "ஆஸ்டல்ல வெறும் புளித்தண்ணிய ஊத்துறானுங்க, ஒடம்பு இன்னாத்துக்குடி ஆவும்? ராத்திரில ரெண்டு துண்டு கடிச்சிக்க." டப்பாவைத் திறந்த ராத்திரி ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். ஒருத்தி வாந்தி வருது என்றாள். ஒருத்தி வார்டனிடம் ஓடினாள். வார்டன் அம்மா கத்தவில்லை. அமைதியாகத்தான் சொன்னார்: "உன் வீட்டுல நீ எதை வேணா சாப்பிடும்மா. இது நாலு பேரு இருக்கிற எடம் இல்லையா?"

அந்த அறையில் நாங்கள் மொத்தமே நாலு பேர்தான். அவர் சொன்ன நாலில் நான் சேர்த்தி இல்லை.

மறுநாள் பினாயில் ஊற்றி அறையைக் கழுவினார்கள். ஆயாவின் கண்டத்தை நானே எடுத்துப் போய்க் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். கழுவியவர்களை மட்டுமல்ல, கொட்டியவளையும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மூக்கைப் பொத்தியவள் சைவம் இல்லை. வாரம் இரண்டு நாள் அசைவ மெஸ்ஸில் கோழி தின்பவள். அவளுக்குக் கறி பிரச்சினை இல்லை; யாருடைய கறி என்பதுதான் பிரச்சினை. பார்ப்பனியத்தைப் பார்ப்பனர் வீட்டு அடுப்படியில் மட்டும் தேடுகிறவர்களுக்கு இது விளங்காது. ஆட்டுக்கறியையும் கோழியையும் தின்றுகொண்டே மாட்டுக்கறிக்கு முகம் சுளிக்கிற ஊர்த்தெருவின் மூக்கில்தான் அது இன்றைக்கு உயிரோடு இருக்கிறது.

அந்தக் கட்டங்களில் உள்ள சொற்களைப் பாருங்கள். சைவம் என்பது ஒரு மதத்தின் பெயர். சாப்பாட்டுக்கு மதத்தின் பெயரைச் சூட்டி, அதைச் சாப்பிடாத மற்ற எல்லோரையும் ஓர் 'அ' போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். சைவம் என்பது இருப்பு, மற்றதெல்லாம் இல்லாமை. தமிழ் படிக்க வந்தவள் என்பதால் சொல்கிறேன்: தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட கபிலர், சேர அரசனிடம் தன் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்பதற்குச் சொல்லும் காரணம் கறிச்சோறு தின்பதைத் தவிர வேறு வேலை அறியாத கை என்பது. புறநானூற்றில் இருக்கிறது. வகுப்பறையில் அதைப் பரவசத்தோடு நடத்திய பேராசிரியர்கள் யாரும், அடுத்த கட்டடத்தில் இருக்கும் உணவுக்கூடத்தின் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை.

'சாப்பாடு அவரவர் விருப்பம், இதில் சாதி எங்கே வந்தது' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விருப்பம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கறி தின்னாதவர் தட்டில் கறியை வை என்று எவரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில் சமைக்கட்டும், தனிக் கரண்டியால் பரிமாறட்டும். அது நியாயம். வயிற்றுக்குள் எது போகவேண்டும் என்று சொல்ல அவரவருக்கு உரிமை உண்டு. ஆனால் மேசை வயிற்றுக்குள் போகாது. கைகழுவும் தொட்டி போகாது. வாசற்படி போகாது.

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடம் ஒன்றில் சைவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். விஷயம் வெளியில் வந்து நாறிய பிறகு கிழித்தார்கள். 2023-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் சைவர்கள் மட்டும் இங்கே உட்காரலாம் என்று விடுதி கேன்டீன் சுவரில் சுவரொட்டி. கிழித்தால் போச்சா? அதே ஆண்டு செப்டம்பரில் 12, 13, 14 எண் விடுதிகளுக்கான உணவுக்கூடத்தில் ஆறு மேசைகளைச் சைவத்துக்கென்று ஒதுக்கினார்கள். எதிர்த்து அந்த மேசையில் உட்கார்ந்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். சுவரொட்டியாக இருந்தது விதியாக மாற மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த மேசைகள் காப்பாற்றுவது உணவையா, தீட்டையா? அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் இந்த மேசைகளைப் போட்டவர்கள்.

இது நமக்குப் புதிதில்லை. காங்கிரஸ் பணமும் பெற்று நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1924-25-இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடினார்கள். நூறு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் போராட்டத்தை மேடைதோறும் பேசுகிறவர்களை ஒன்று கேட்கிறேன்: பார்ப்பனப் பிள்ளையோடு சூத்திரப் பிள்ளை உட்காரவேண்டும் என்று கேட்டது சரி. எங்கள் பிள்ளையின் இலை எந்தப் பந்தியில் என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? உங்கள் கல்லூரிகளில் அசைவம் என்றால் கோழியும் முட்டையும்தானே? எங்கள் வீட்டுச் சோறு சைவத்திலும் இல்லை, அசைவத்திலும் இல்லை. படிவத்தில் எங்களுக்குக் கட்டமே கிடையாது.

அம்பேத்கர் 1948-இல் எழுதிய 'தீண்டப்படாதார் யார்' என்ற ஆய்வில், பௌத்தத்தை வெல்லப் பார்ப்பனர் பசுவைத் தின்பதை விட்டார்கள், பௌத்தத்தையும் மாட்டுக்கறியையும் விடாத சிதறுண்ட மக்கள் தீண்டாமைக்குள் தள்ளப்பட்டார்கள் என்று வாதிட்டார். தட்டில் இருந்ததை வைத்து மனுஷனைத் தள்ளிவைத்த வரலாறு அது. விடுதிப் படிவம் அந்த வரலாற்றின் சின்னத் துண்டு.

அரசு விடுதிகளின் பக்கமும் திரும்பவேண்டும். தமிழக அரசு 2023-இல் விடுதியில் தங்கும் கல்லூரி மாணவர் உணவுச் செலவை மாதம் 1,100-இலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தியது. நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து. 2025 ஜூலையில் அந்த விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர்தான். பெயர் மாறினால் குழம்பு கெட்டியாகுமா?

நாம் கேட்கவேண்டியது பெரிசு ஒன்றுமில்லை. படிவத்தில் மதத்தின் பெயர் வேண்டாம். கறி வேண்டிய நாளுக்கு டோக்கன் வாங்கிக்கொள்கிறோம். மாட்டுக்கறியும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும், வேண்டியவர் வாங்கட்டும். உதவித்தொகை வரும்வரை யார் பெயரும் பலகையில் ஏறக்கூடாது. மேசை, தொட்டி, வாசல் எல்லாருக்கும் ஒன்று. மெஸ் கமிட்டியில் நம் பிள்ளைகள் உட்காரவேண்டும். உட்கார்ந்து சும்மா இருக்கக்கூடாது.

எம்.ஏ. இரண்டாம் வருஷம் மறுபடியும் படிவம் வந்தது. இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, கீழே பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு 'மாட்டுக்கறி' என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க் அதை அடித்துவிட்டு அசைவத்தில் டிக் போட்டார். லீவுக்குப் போனபோது ஆயாவிடம் சொன்னேன். குப்பையில் கொட்டியதையும் சேர்த்துச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டுச்சு: "அப்ப இந்த வாட்டி எவ்ளோ வறுத்துத் தர?"

நாலு பேருக்கும் சேர்த்து வறு ஆயா என்றேன்.