பாட்டி மொழியில் ஒரு புதுப் பாட்டு!

ஏற்காடு பக்கம் தலைச்சோலை போன்ற ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஒரு கதை உண்டு. பெயரைப் பார்த்து கேரளா என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்வதால் மலையாளி, பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்களாம். அவர்கள் வழி வந்தவர்களே இந்த மக்கள் என்கிறது கதை. வாய்வழியாகவே தலைமுறை தாண்டி வந்திருக்கிறது.

ஊரை விட்டு வந்தவர்களின் கதையைப் பேரப்பிள்ளைகள் எப்படிக் காப்பாற்றுவார்கள்? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாழும் கேஜன் மக்கள் பாட்டாலேயே காப்பாற்றியிருக்கிறார்கள்.

இவர்களின் முன்னோர் கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் இருந்த பிரெஞ்சு பேசும் விவசாயிகள். 1755-ல் ஆங்கிலேயர்கள் அவர்களை விரட்டத் தொடங்கினார்கள். பலர் அலைந்து திரிந்து லூசியானா வந்து சேர்ந்தார்கள். 1921-ல் அங்கே பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சட்டம் வந்தது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. வீட்டு மொழியே வெட்கப்படும் விஷயமாகிப்போனது.

ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்தில் ஃபிடிலும் அக்கார்டியனும் ஓயவில்லை. தாளத்துக்கு ஒரு இரும்பு முக்கோணம். 1964-ல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் டூயி பால்ஃபா குழுவினர் வாசித்தபோது, ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஊர் திரும்பிய பால்ஃபா, பிள்ளைகளுக்கு இந்த இசையைக் கொண்டுசேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

அடுத்து வந்தவர்கள் பழைய பாட்டை மனப்பாடம் செய்வதோடு நிற்கவில்லை. ஸக்கரி ரிச்சர்ட் 1970-களில் அந்த விரட்டலையே புதுப் பாட்டாக எழுதினார். அப்பா, சித்தப்பாக்களின் குழுவில் வளர்ந்த மிஷோ சகோதரர்கள், 'லாஸ்ட் பயூ ராம்ப்ளர்ஸ்' என்ற குழுவைத் தொடங்கி, பிரெஞ்சுப் பாட்டோடு ராக் சத்தத்தையும் கலந்தார்கள். 2018-ல் கிராமி விருது வீடு தேடி வந்தது!

நம்ம ஊரில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் பாட்டு 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளியானது. பாடியவர்கள் அறிவு, தீ. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். பாட்டில் வரும் வள்ளியம்மாள் அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் அந்தக் கணக்கு, ஒரு பாட்டியின் பெயரோடு வந்தபோது உலகமே கேட்டது. ஒப்பாரியின் சாயல் உண்டு, ராப்பும் உண்டு. சின்னப் பிள்ளைகள்கூடக் குதித்து ஆடினார்கள்.

பாட்டு ஹிட்டான பிறகு, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் 2022-ல் சூடுபிடித்தது. இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. பாட்டு பரவும் வேகத்தில், அதைத் தந்தவர்களின் பெயர் பின்னால் தங்கிவிடக் கூடாது.

வீட்டில் தாலாட்டோ நடவுப் பாட்டோ தெரிந்த பாட்டி இருக்கிறாரா? இந்த வாரமே செல்போனில் பதிவு செய்யுங்கள். பாட்டியின் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்த மெட்டில் நாளைக்குப் பேத்தி ஒரு புதுப் பாட்டு எழுதலாம்!