ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளியும் மருத்துவக் காப்புறுதியும்

டன்சினன், சீன் முதலான தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பூண்டுலோயாவில் ஒரே ஆண்டில் ஓய்வுபெறும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர். மற்றையவர் அதே பாடசாலைக்குத் தமது பிள்ளைகளை அனுப்பிய கொழுந்து பறிக்கும் பெண். 2016 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் ஓய்வுபெறும் அரச ஊழியர்களுக்கு அக்ரஹார காப்புறுதித் திட்டம் நீடிக்கப்பட்டுள்ளமையால், ஆசிரியர் தமது ஓய்வூதியத்திலிருந்து சிறு தொகையைச் செலுத்தி மருத்துவப் பாதுகாப்பைத் தம்முடன் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். தொழிலாளியோ, செக்ரோலில் இருந்து பெயர் நீக்கப்படும் நாளிலேயே தமக்கிருந்த சொற்ப பாதுகாப்பையும் இழந்துவிடுகிறார். முழங்கால் வலியும் கண்புரையும் நீரிழிவும் ஒன்றுசேரும் வயதில் இது நிகழ்கிறது.

அவரது கைக்குக் கிடைப்பவை மூன்று: ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் உரித்தாகும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபாவை வைத்துக் கணக்கிட்டால், 30 வருட சேவைக்கு 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. தோட்டத்து மக்கள் வாழ்நாளில் ஒரே தடவை காணும் பெருந்தொகை இது. இதற்காகக் காத்திருப்போரும் பலர். நகைக்கடை அடகு, மகளின் திருமணம், மகனின் முச்சக்கரவண்டி, கூரை திருத்தம் என்று வரிசை நீளும். அந்த வரிசையில் காப்புறுதி முகவரும் வந்து நிற்கிறார்.

முகவர் கூறுவது பொய்யன்று. ஆனால் அவர் விற்கும் பத்திரம் பெரும்பாலும் வேறொரு வாழ்க்கைக்காகத் தயாரிக்கப்பட்டது. தனியார் மருத்துவக் காப்புறுதிகள் பொதுவாக வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும் செலவையே ஈடுசெய்கின்றன. சேரும்போது ஏற்கனவே உள்ள நோய்களை அவை விலக்கிவைக்கும், அல்லது அவற்றுக்கெனக் காத்திருப்புக் காலம் விதிக்கும். வயது ஏற ஏறத் தவணைக் கட்டணமும் ஏறும். ஒரு வயதுக்கு மேல் புதுப்பிக்கவே இடமில்லாத பத்திரங்களும் உண்டு. இனிப் பூண்டுலோயாவின் நிலையைப் பார்ப்போம். அரசாங்க வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறக் கட்டணம் இல்லை. பெரிய தனியார் வைத்தியசாலைகளோ கண்டியிலும் கொழும்பிலும் உள்ளன. வயோதிபத் தொழிலாளியின் பணத்தைக் கரைப்பது படுக்கைக் கட்டணம் அன்று. மாதாந்தக் கிளினிக்குக்குச் செல்லும் பயணச் செலவு, வெளியில் செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனை, வைத்தியசாலையில் இல்லையென்று மருந்துக்கடையில் வாங்க எழுதிக்கொடுக்கும் மாத்திரை ஆகியனவே அதைக் கரைக்கின்றன. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் நாடு முழுவதும் இதை அனுபவித்தது. இச்செலவுகளில் எதையும் சாதாரண மருத்துவக் காப்புறுதி ஏற்பதில்லை. பணிக்கொடையில் ஒரு பகுதியைத் தம் பெயரில் நிலையான வைப்பில் இட்டு, வட்டியைக் கிளினிக் செலவுக்கென ஒதுக்குவது இவர்களுக்குக் கூடுதலாகப் பயன்படக்கூடும். வைப்பு தமது பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

உண்மையில் தெரிவுக்குரிய காலம் ஓய்வுபெறும் நாள் அன்று, அதற்கு முந்திய ஐந்தாறு ஆண்டுகளே. தொழிலாளியின் சம்பளத்தில் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையைத் தொழில்தருநர் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதி, கண்வில்லை பொருத்துதல், இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கு உதவித்தொகை வழங்குகிறது. வைத்தியசாலையில் தங்குவோருக்கான திட்டமும் அதனிடம் உண்டு. ஆயின் இவை தொடர்ந்து பங்களிப்புச் செலுத்தப்படும் உறுப்பினர்களுக்குரியவை. 57 வயதில் கண்புரை இருப்பதாக வைத்தியர் கூறினால், "ஓய்வு எடுத்தபின் பார்த்துக்கொள்வோம்" என்று தள்ளிப்போடுவது கிடைக்கவிருந்த உதவியைக் கைவிடுவதாகும். இவ்விபரத்தை அறிந்து விண்ணப்பிக்கும் தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர்? தோட்டக் காரியாலயத்திலோ தொழிற்சங்கக் காரியாலயத்திலோ இதற்கான விண்ணப்பப் படிவம் கண்ணில் படும்படி வைக்கப்படுவது அரிது. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையின் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியுள்ளதால், 55 உடன் எல்லாம் முடிந்துவிட்டதென எவரும் எண்ணவேண்டியதில்லை. பெயரை வெட்டிக்கொண்டு மறுநாள் அதே மலையில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கச் செல்வோர், அக்கூலிக்குப் பங்களிப்பு செலுத்தப்படுகிறதா எனக் கேட்டறிவது அவசியம். இல்லையெனில் வேலை அதுவே, பாதுகாப்பு மட்டும் இல்லை.

ஓய்வுபெற்றுவிட்டவர்களுக்கும் சில வழிகள் உண்டு. பாரிய சத்திரசிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. 2025 பெப்ரவரி முதல் அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். முன்போன்று கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. கொழும்பில் தொழில் புரியும் பிள்ளைகள், தமது நிறுவனத்தின் குழுக் காப்புறுதியில் பெற்றோரைச் சேர்க்க இடமுண்டா என்று விசாரிப்பது நல்லது. தனியாக எடுக்கும் பத்திரத்தை விட அது மலிவாக அமையலாம்.

எனினும் இவை தனிமனித முயற்சிகளே. அயல்நாடான இந்தியா 2024 ஒக்டோபரில், 70 வயதைக் கடந்த அனைவரையும் வருமான வேறுபாடின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்குள் கொண்டுவந்து, குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் இந்திய ரூபா வரை சிகிச்சைப் பாதுகாப்பு அளித்தது. அதன் நடைமுறையில் குறைகள் கூறப்படலாம்; வயோதிபரைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்ற ஏற்பு அதில் உண்டு. இங்கு புதிய நிதியம் ஒன்றை உருவாக்க வேண்டிய தேவைகூட இல்லை. 30 வருடம் தமது பெயரில் பங்களிப்புப் பெற்ற ஊழியர் நம்பிக்கை நிதியின் மருத்துவ உதவிகளை, ஓய்வின் பின்னரும் குறிப்பிட்ட காலத்துக்கு நீடிக்குமாறு கோரலாம். அரச ஓய்வூதியருக்கு இயலுமான ஒன்று தோட்டத் தொழிலாளிக்கு இயலாததற்குக் காரணம் கணக்கியல் அன்று.

1992 இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட நாள்முதல் பேச்சுவார்த்தை மேசையில் நாட்சம்பளமே முதலிடம் பெற்றுவந்துள்ளது. அது நியாயமானதே. ஆனால் மாதந்தோறும் சந்தா அறவிடும் சங்கங்கள், சந்தா நின்றுபோன உறுப்பினருக்காக எந்தக் கோரிக்கையை முன்வைத்தன என்ற கேள்விக்கும் பதில் கூறவேண்டும். அடுத்த சம்பளப் பேச்சுக்குச் செல்லும்போது, ஓய்வுபெற்ற தொழிலாளருக்கான குழுக் காப்புறுதியில் கம்பனியின் பங்கு எவ்வளவு, அரசின் பங்கு எவ்வளவு என்ற ஒரு வரியையாவது கோரிக்கைப் பத்திரத்தில் சேர்த்துக்கொண்டு செல்லட்டும்.