தொடக்கப் பள்ளியில் குடிமைக் கல்வி: எங்கள் நிலைப்பாடு

தொடக்க வகுப்புகளில் குடிமைக் கல்விக்கெனத் தனிப் பாடவேளையும் தேர்வும் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு இதை ஏற்கவில்லை. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குடிமையைப் பழகுவது வகுப்பறை நடத்தப்படும் விதத்தைப் பார்த்துத்தான். மாற்ற வேண்டியதும் அதைத்தான்.

முதலில் லீடர். ஆசிரியர் வெளியே போனதும் வகுப்புத் தலைவர் எழுந்து, கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதத் தொடங்குவார். நாம் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள்தாம். அவரை லீடராக்கியது பெரும்பாலும் ஆசிரியர். நண்பனின் பெயரை அவர் விட்டுவிட்டது வகுப்புக்கே தெரியும். ஆனால் முறையிட இடம் கிடையாது. பெயர் இருந்தால் அடி, விசாரணை இல்லை. அதிகாரம் எப்படி இயங்கும் என்பதை எட்டு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்வது இங்கேதான். அடுத்த பாடவேளையில் அதே பிள்ளை உள்ளாட்சித் தேர்தல் பற்றிக் கோடிட்ட இடத்தை நிரப்புகிறது.

இந்தப் பட்டியல் வழக்கம் ஒழிய வேண்டும் என்கிறோம். லீடரை மாதந்தோறும் பிள்ளைகளே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கட்டும். ஒருமுறை இருந்தவர் அந்த ஆண்டில் மறுபடி நிற்கக் கூடாது. எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்பு எப்படி வாக்களிக்கும் என்று கேட்கிறார்கள். 1951-52 பொதுத்தேர்தலில் நாடே இந்தக் கேள்வியைச் சந்தித்தது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம், உள்ளே சீட்டைப் போட்டால் முடிந்தது. ஒன்றாம் வகுப்புக்கும் அது போதும். கட்சி அரசியல் உள்ளே வந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சொல்: சின்னமாகப் பென்சில், பூனை, பட்டம் இருக்கட்டும்; உதயசூரியனும் இரட்டை இலையும் வெளியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது துடைப்பம். வகுப்பைப் பெருக்குவது யார், தண்ணீர் எடுத்து வருவது யார், கழிப்பறைக்கு அனுப்பப்படுவது யார்? இதில் பாலினமும் சாதியும் ஒளிந்திருக்கின்றன என்பதை ஊரறியும். அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. இந்த இரண்டு விதிகளும் நடைமுறையில் இருப்பதைப் பிள்ளைகள் படிக்கும் முன்னே பார்க்க வேண்டும். வகுப்பைப் பெருக்கும் முறை ஆண் பிள்ளைகளுக்கும் வரட்டும். கழிப்பறை கழுவுவது ஊதியம் பெறும் பணியாளரின் வேலை. அதை எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது. பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும் என்று 2024இல், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி கூற அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. அதை ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து.

வாரம் அரை மணி நேரம் வகுப்புக் கூட்டம் நடக்கட்டும். குழாயில் தண்ணீர் வரவில்லை, முட்டை குறைந்தது, இன்னார் கேலி செய்கிறார், எதையும் பேசலாம். முடிவை ஒரு நோட்டில் பிள்ளைகளே எழுதட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்தக் குழு கூடும்போதெல்லாம் முதல் பொருளாக இந்த நோட்டை வாசிக்க வேண்டும். என்ன செய்தோம், ஏன் முடியவில்லை என்று அடுத்த வாரமே பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஊராட்சி தீர்க்க வேண்டியது என்றால் பெற்றோர் அதைக் கிராம சபைக்குக் கொண்டுபோகட்டும். கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கென்றே கிராம சபை நடக்கிறது. இங்கே நாம் கேட்பது அதைவிடக் குறைவுதான்.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளிகளின் சிரமம் எங்களுக்குத் தெரியும். எங்களில் பலர் அங்கேதான் வேலை பார்க்கிறோம். ஆகவே கல்வித் துறையிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். வகுப்புக் கூட்டத்துக்குப் பிள்ளைகளின் நோட்டைத் தவிர வேறு பதிவேடு, மதிப்பெண், எமிஸ் (துறையின் கல்வித் தகவல் இணையதளம்) பதிவு எதுவும் கூடாது. கூட்டம் நடந்ததற்குப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தால், அதை நாங்களே முதலில் எதிர்ப்போம்.